செப்புத் திருமேனிகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு முதன்முறையாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டிக்கெட் வாங்கியதும் நேராக வெண்கலச் சிற்பக் கூடத்துக்குப் போய்விடுங்கள். திமிங்கல எலும்புக்கூட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1851இல் தொடங்கிய இந்த அருங்காட்சியகம் பல கட்டடங்களாகப் பரந்து கிடக்கிறது. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால், சோழர் காலத் திருமேனிகளிடம் சேரும்போது கால் கடுக்கும், கண்ணும் சலித்திருக்கும். கூட வந்த பிள்ளைகள் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்கத் தொடங்கியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள்.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க நினைக்காதீர்கள். மூன்று திருமேனிகள் போதும். ஒன்று திருவாலங்காட்டு நடராசர். பிரெஞ்சுச் சிற்பி ரோடான் இந்த அருங்காட்சியகத்து நடராசர்களைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்தார். அதிலேயே மனம் பறிகொடுத்து ஒரு கட்டுரை எழுதினார். அது 1921இல் அச்சாயிற்று. நமக்கோ நேரிலேயே நின்று பார்க்கக் கிடைக்கிறது. இரண்டாவது, திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். மூன்றாவதை உங்கள் கண்ணே தேர்ந்தெடுக்கட்டும்.

பார்க்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவை காட்சிக்கு வைப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெரும்பாலானவை வீதியுலா போன உற்சவ மூர்த்திகள். பீடத்தைக் கவனித்தால் துளைகளோ வளையங்களோ தெரியும். பல்லக்கிலும் வாகனத்திலும் அசையாமல் பிணைத்துக் கட்டுவதற்கான ஏற்பாடு அது. கோயிலில் பட்டும் மாலையும் சாத்தியபின் நமக்குத் தெரிவது திருமுகமும் கைகளும்தான். அபிஷேக நேரத்தில்கூட எட்ட நின்றுதான் பார்க்கிறோம். சிற்பி மெழுகில் இழைத்து இழைத்து எடுத்த முதுகும், பிடரியில் புரளும் சுருள்முடியும், தலைக்குப் பின்னுள்ள சிரச்சக்கரமும் அர்ச்சகருக்கு மட்டுமே பழக்கமானவை. அருங்காட்சியகம் நமக்குத் தரும் பெரிய கொடை அந்த மறுபக்கம்தான். ஆகவே இடமிருக்கும் இடத்திலெல்லாம் பின்னால் போய்ப் பாருங்கள். முன்பக்கத்தை மட்டும் செல்பேசியில் படமெடுத்துக்கொண்டு நகர்கிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே மனம் வருந்துகிறது. பிறகு கொஞ்சம் குனிந்து, கீழிருந்தும் பாருங்கள். ஆட்கள் தோளில் சுமந்துவர, தெருவில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்த முகம் இது.

அர்த்தநாரீசுவரர் முன் குறைந்தது பத்து நிமிடம் நில்லுங்கள். வலப்பாதி சிவன், இடப்பாதி உமை. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கைகளை எண்ணச் சொல்லுங்கள். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. தோளிலிருந்து பார்வையை மெல்ல இறக்கினால் ஒரு பக்கம் அகன்ற தோள், மறுபக்கம் சரிந்து இறங்கும் தோள். இடுப்பு ஒரு பக்கம் நேராக இறங்க, மறுபக்கம் வளைந்து புடைக்கிறது. இவ்வளவு வேறுபாடு இருந்தும் எந்த இடத்திலும் ஒட்டுப்போட்டது போலத் தெரியவில்லை. இரண்டு பாதியும் எங்கே சேர்கின்றன என்று தேடிப் பாருங்கள். எனக்கு இதுவரை அகப்படவில்லை.

பெயர்ப் பலகையைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்துவிட்டால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடும். அதில் இருக்கும் ஊர்ப்பெயர் பெரும்பாலும் திருமேனி கிடைத்த ஊர். படையெடுப்புக் காலங்களில் மண்ணுக்குள் புதைத்துக் காப்பாற்றப்பட்டு, பல நூற்றாண்டுகள் கழித்து உழும்போதோ தோண்டும்போதோ வெளிவந்தவை ஏராளம். நூற்றாண்டு என்று போட்டிருப்பதும் பெரும்பாலும் அணிகலன், முகவாகு, உடல்வாகு இவற்றை வைத்து அறிஞர்கள் கணித்தது. ஆண்டு துல்லியமாகத் தெரிந்தவை மிகச் சில. அப்படி ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் தஞ்சாவூர் அரண்மனையிலுள்ள கலைக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கேயிருக்கும் இடபவாகன தேவரும் திருவெண்காட்டுக்காரர்தான். கல்வெட்டின் துணையால் 1011ஆம் ஆண்டு என்று சொல்ல முடிகிறது. சடையைப் பாம்புகளோடு சேர்த்துத் தலைப்பாகை போலச் சுற்றியிருக்கிறார். சாய்ந்து நிற்க ஒரு காளை இருந்திருக்க வேண்டும். இப்போது காளை இல்லை, கை மட்டும் அதன்மேல் ஊன்றியபடியே இருக்கிறது. அந்தக் கையின் தளர்வைப் பார்த்தாலே காளையின் உயரம் நமக்குப் புரிந்துவிடுகிறது.

தஞ்சாவூர் வரை போகிறவர்கள் அப்படியே கும்பகோணம் பக்கம் சுவாமிமலைக்கும் போய் ஒரு ஸ்தபதியின் பட்டறையைப் பாருங்கள். மெழுகில் முழு உருவத்தையும் செய்து, மேலே காவிரி வண்டலைப் பூசி, காய்ந்தபின் சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். உருவத்தை எடுக்க வேண்டுமானால் மண் அச்சை உடைத்தாக வேண்டும். அதனால் ஒரு மெழுகுக்கு ஒரு திருமேனிதான். முடிந்தால் பட்டறைக்கு முதலில் போய்விட்டு அதன்பின் கலைக்கூடத்துக்கு வாருங்கள். விரல் நுனியின் வளைவு ஒவ்வொன்றும் மெழுகில் எப்படி உருவாகிறது என்று கண்ணால் கண்டவர்கள், எந்தத் திருமேனியையும் அவசரமாகக் கடந்து போக மாட்டார்கள்.