வயிற்றுப்போக்கும் கோவிட்-19 அறிகுறியாக இருக்கலாம்

கோவிட்-19 என்றதும் நம் நினைவுக்கு வருபவை காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல். வயிற்றுப்போக்கு வந்தால், "நேற்று கடையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்போம். ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு நாள் பார்ப்போம். பல நேரம் அதுவே போதும். ஆனால் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ இருமலும் சளியும் சுற்றிக்கொண்டிருக்கும்போது, 60 வயதைக் கடந்தவர்கள் அந்த இரண்டு நாள் காத்திருப்பது நல்லதல்ல.

2020 தொடக்கத்தில் சீனாவின் வூஹான் நகர மருத்துவமனை ஒன்றில் 138 கோவிட் நோயாளிகளை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 14 பேருக்கு வயிற்றுப்போக்கும் குமட்டலும்தான் முதலில் வந்தன. காய்ச்சலும் மூச்சுத் திணறலும் ஒன்றிரண்டு நாள் கழித்தே வந்தன. இந்த நச்சில் நம் உடலுக்குள் நுழைய 'ஏஸ் 2' என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் புரதம் நுரையீரலில் மட்டுமல்ல, சிறுகுடலின் உட்சுவரிலும் நிறைய இருக்கிறது. மூச்சு வழியாக வந்த நோய் வயிற்றில் தெரிவது இதனால்தான்.

அதற்காகச் சாப்பாட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2020-இல் நம் கெடாவில் பரவிய சிவகங்கை தொற்றுத் திரள் பலருக்கு நினைவிருக்கும். அது நாசி கண்டார் கடை ஒன்றோடு தொடர்புடையது. இருந்தாலும் இந்த நோய் முக்கியமாகப் பரவுவது அருகில் இருப்பவரின் மூச்சுக் காற்றால்தான், உணவால் அல்ல.

முதல் நாள் எது?

கோவிட்டுக்கான பேக்ஸ்லோவிட் மாத்திரையை மலேசிய அரசு மருத்துவ நிலையங்கள் 2022 ஏப்ரலில் கொடுக்கத் தொடங்கின. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கான மருந்து அது. அறிகுறி தொடங்கிய 5 நாளுக்குள் அதைச் சாப்பிடத் தொடங்க வேண்டும். திங்கட்கிழமை பேதி, புதன்கிழமை இருமல், சனிக்கிழமை கிளினிக் என்று வைத்துக்கொள்வோம். இருமலிலிருந்து எண்ணினால் சனிக்கிழமை நான்காம் நாள். பேதியிலிருந்து எண்ணினால் ஆறாம் நாள். அந்த 5 நாள் தாண்டிவிட்டது. ஆகவே மருத்துவரிடம் பேதி தொடங்கிய நாளையும் சொல்லுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

சந்தேகம் வந்த அன்றே ஃபார்மசியில் சுயப் பரிசோதனைக் கருவி வாங்கிச் சோதியுங்கள். நோய் இல்லை என்று காட்டினால் இரண்டு நாள் கழித்து மறுபடியும் சோதியுங்கள். அதுவரை வீட்டிலும் முகக் கவரி அணியுங்கள்.

வயதானவர்களுக்கு நீர் வற்றுவது சீக்கிரம் நடக்கும். தாகம் தெரியாது, தலைதான் சுற்றும். ஓ.ஆர்.எஸ். பொடியைப் பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பொடி கிடைக்கவில்லையா? ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போடுங்கள். ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. சோடா, இனிப்புப் பானம், பால் கலந்த தே தாரிக் இவற்றைத் தள்ளிவையுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சில, உடலில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். எதை நிறுத்தலாம், எதைத் தொடரலாம் என்று கிளினிக்கை அன்றே கேளுங்கள். இன்சுலினை நீங்களாக நிறுத்தவே கூடாது. பேதியை அடக்கும் மாத்திரையும் சொந்த முடிவில் வேண்டாம். பேக்ஸ்லோவிட்டே சிலருக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். கொழுப்பு மாத்திரை சிலவற்றோடு சேராது. எனவே நீங்கள் சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் நினைவில்லை என்ற கவலை இருக்காது.

கழிவறையைப் பலர் பயன்படுத்தும் வீட்டில், மூடியை மூடிய பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். கைகளைச் சவர்க்காரம் போட்டு 20 விநாடி கழுவுங்கள்.

மூச்சு வாங்கினாலோ, விரலில் மாட்டும் கருவி 95-க்குக் கீழே காட்டினாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, காலையிலிருந்து மாலை வரை சிறுநீர் போகாவிட்டாலோ, பேச்சு தடுமாறினாலோ பிள்ளைகள் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்துச் சாலை மூன்றையும் சொன்னால் ஆம்புலன்ஸ் வந்து சேருவது சுலபம்.