உள்ளடக்கம் என்றால் என்ன?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருப்பவர்களுக்கு கன்டெய்னர் லாரி புதிதல்ல. அடுத்த முறை 20 அடி கன்டெய்னரின் கதவைக் கவனியுங்கள். காலி எடை, ஏற்றக்கூடிய எடை, சுமார் 33 கன மீட்டர் இடம் என்றெல்லாம் எழுதியிருக்கும். இது கொள்ளளவு. டிரைவரிடம் இருக்கும் பேக்கிங் லிஸ்ட், புத்தகத்தின் பொருளடக்கம் போன்றது, வெறும் பட்டியல். உள்ளே உண்மையில் இருக்கும் சரக்குதான் உள்ளடக்கம்.

கம்ப்யூட்டரிலும் இந்த மூன்றும் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொண்டு நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்ய என்னை அழைத்தார். "பட்டறை கணக்கை பென் டிரைவில் காப்பி பண்ணிட்டேன் தம்பி" என்றார். நானும் பென் டிரைவில் இருந்த 'கணக்கு' ஐகானை டபுள் கிளிக் செய்தேன். எல்லா பில்களும் தெரிந்தன. தைரியமாக ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டேன்.

பிறகு திறந்தால் ஒன்றுமே வரவில்லை! அவர் காப்பி செய்தது டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட். ஷார்ட்கட் என்பது ஃபோல்டர் அல்ல. அது இருக்கும் இடத்தைக் காட்டும் முகவரிச் சீட்டு. அதே கம்ப்யூட்டரில் சோதித்ததால், ஹார்ட் டிஸ்க்கில் இருந்த அசல் ஃபோல்டர்தான் திறந்திருக்கிறது. மூன்று வருடக் கணக்கு போனது போனதுதான். அண்ணன் திட்டவில்லை. படித்தவன் நான்தானே பார்த்திருக்க வேண்டும்?

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. ஐகானின் இடது கீழ் மூலையில் சிறிய அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட்.

2. ஐகான் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். ஃபோல்டர் என்றால் 'கன்டெய்ன்ஸ்' என்ற வரியில் எத்தனை ஃபைல்கள், எத்தனை ஃபோல்டர்கள் என்று காட்டும். ஷார்ட்கட் என்றால் 'டார்கெட்' என்று முகவரியைக் காட்டும். அளவும் சில கேபி மட்டுமே இருக்கும்.

3. அசல் ஃபோல்டர், பென் டிரைவ் காப்பி இரண்டிலும் ஃபைல்களின் எண்ணிக்கையும் 'சைஸ்' அளவும் ஒன்றாக உள்ளதா எனச் சரிபாருங்கள்.

4. பென் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள்.

இந்த நான்கும் முடிந்த பிறகே ஃபார்மட்டில் கை வையுங்கள். கதவில் எழுதியிருப்பதை நம்பி யாரும் சரக்கு இறக்குவதில்லை. நாமும் ஐகானை நம்பி எதையும் அழிக்க வேண்டாம்.