விதைத் தாவரமா, பூக்கும் தாவரமா?

கேள்வி: பூப்பவை எல்லாம் விதைத் தாவரங்கள் என்றால், எங்கள் தீவின் கண்டல் மரத்தில் விதையையே காணோமே? (வாசகர், ஹேவ்லாக்)

பதில்: பூக்கும் தாவரங்கள் அனைத்தும் விதைத் தாவரங்களே, ஆனால் விதைத் தாவரங்கள் அனைத்தும் பூப்பதில்லை. அந்தமான் கடற்கரைக் காடுகளில் வளரும் சைகஸ் இதற்குச் சான்று. பார்வைக்குச் சிறு பனை போலிருந்தாலும் அது பூப்பதில்லை, காய்ப்பதும் இல்லை. பெண் மரத்தின் இலை போன்ற உறுப்புகளின் ஓரங்களில் சூல்கள் மூடியின்றித் திறந்தே இருந்து விதைகளாகின்றன. 1896இல் ஜப்பானிய அறிஞர் இக்கேனோ, சைகஸின் ஆண் அணுக்கள் பெரணியினுடையவை போல நீந்துவதைக் கண்டறிந்தார். அப்படியானால் அதைப் பெரணியோடு சேர்க்கலாமே என்று கேட்கலாம். கூடாது. ஆண் அணு நீந்துகிறதா என்பது இங்கே அளவுகோல் அன்று. கருவுற்ற சூல், உறையும் உள்ளே கருவும் கொண்ட விதையாக மாறுகிறதா என்பதே அளவுகோல். பெரணிக்குச் சூலே கிடையாது, வித்துத்தூள்தான்.

கண்டலுக்கும் இதே அளவுகோல்தான். அது பூக்கிறது, காய்க்கிறது, காய்க்குள் விதையும் உருவாகிறது. மற்ற விதைகளைப் போல அது ஓய்வெடுப்பதில்லை; தாய் மரத்திலேயே முளைத்துவிடுகிறது. கிளையில் பச்சைக் குச்சியாகத் தொங்குவது காய் அன்று, காயைத் துளைத்து வெளிவந்த இளங்கன்று. உப்புச் சேற்றில் விதையாக விழுந்து முளைப்பது கடினம் என்பதால் இந்த ஏற்பாடு. விதைப் பருவம் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. ஆகவே கண்டலைத் தயங்காமல் விதைத் தாவரம் என்றே எழுதுங்கள். சைகஸை மட்டும் பூக்கும் தாவரம் என்று எழுதிவிடாதீர்கள்.