விர்டஸ் ஜிடியா, வெர்னா டர்போவா? ட்ராக் ஆசைக்கு ஒரு ஈஎம்ஐ கணக்கு

கார் லோன் பற்றிய வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்வி பல விதமாக வந்துகொண்டிருக்கிறது. "வார நாள்ல ஆபீஸ் போகணும், வருஷத்துக்கு ரெண்டு தடவை இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல ஓட்டணும். ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி எடுக்கலாமா, ஹூண்டாய் வெர்னா டர்போ எடுக்கலாமா?" நல்ல கேள்விதான். ஆனா இதுக்குள்ள மூணு கேள்வி ஒளிஞ்சிருக்கு. முதல்ல காரைப் பாத்துடுவோம், அது சுலபம்.

விர்டஸ் ஜிடியில் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின்: 150 பிஎஸ் பவர், 250 நியூட்டன் மீட்டர் டார்க். வெர்னா டர்போவும் 1.5 லிட்டர்தான்: 160 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர். ரெண்டுமே முன்சக்கர டிரைவ். ரெண்டுலயும் 6 கியர் மேனுவலும் 7 கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கும் உண்டு. குளோபல் என்கேப் சோதனையில் ரெண்டும் 5 ஸ்டார் வாங்கியவை. காகிதத்தில் 10 பிஎஸ் வித்தியாசம்; முதல் தடவை ட்ராக்குக்குப் போறவருக்கு அது தெரியவே தெரியாது. சென்னை ட்ராக்கின் முழுச் சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். அதில் நேரத்தைத் தின்பது எஞ்சின் இல்லை, பிரேக்கை எங்கே மிதிக்கிறோம் என்பதுதான்.

பிரேக் விஷயத்தில் வெர்னாவுக்கு ஒரு மார்க் கூட. அதன் மேல்மட்ட டர்போ வேரியன்ட்டில் பின்னாடியும் டிஸ்க் வருது. விர்டஸில் பின்னாடி டிரம்தான். நகரத்தில் இது பெரிய விஷயமே இல்லை. ட்ராக்கில் கதை வேற. வேகம் இரட்டிப்பானால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. 80-ல் இருந்து நிறுத்துவதும் 160-ல் இருந்து நிறுத்துவதும் ஒரே வேலை இல்லை. பத்து நிமிஷம் தொடர்ந்து அப்படி மிதித்தால் பிரேக் பேட் சூடேறி பிடிப்பு குறையும், பழைய பிரேக் ஆயில் கொதிக்கவும் செய்யும். எந்த காரா இருந்தாலும், ட்ராக்குக்கு முன்னாடி பிரேக் ஆயில் புதுசா மாத்தறதும் நல்ல பேட் போடறதும் கட்டாயச் செலவு. டயரும் அப்படித்தான், ரெண்டு மூணு ட்ராக் நாளிலேயே ஓரம் தேய்ஞ்சிடும்.

தினசரி ஓட்டத்துக்கு என் ஓட்டு விர்டஸுக்கு. லோடு குறைவா இருக்கும்போது நாலு சிலிண்டரில் ரெண்டு தூங்கிடும், அதனால் நெடுஞ்சாலையில் பெட்ரோல் மிச்சம். சர்வீஸ் சென்டர் பரவலா வேணும், பின்சீட்டில் அப்பா அம்மா சௌகரியமா உட்காரணும் என்றால் வெர்னா. எதை எடுத்தாலும் தப்பில்லை.

இப்ப நிஜமான விஷயத்துக்கு வருவோம். உங்க இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியைப் படிங்க. ஒழுங்குபடுத்தப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு கவர் கிடையாது என்று அங்கே எழுதியிருக்கும். ஜீரோ டெப், எஞ்சின் புரொடெக்ட் என எந்த ஆட்-ஆன் போட்டாலும் இந்த வரி மாறாது. ட்ராக்கில் சுவரில் மோதினால் அது முழுக்க உங்க பணம். சரி, எவ்வளவு பணம்?

ஒரு கணக்கு போடுவோம். எக்ஸ்-ஷோரூம் 17 லட்சம்னு வெச்சுக்குவோம். தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல், 20 லட்சம் வரை ஆயுள் வரி 18 சதவீதம், இதுவே 3.06 லட்சம். இன்சூரன்ஸும் மற்றதும் சேர்த்து 21 லட்சம். கையில் இருக்கும் 5 லட்சம் போக, கடன் 16 லட்சம். 9 சதவீத வட்டியில் 5 வருஷத்துக்கு மாசம் சுமார் 33,200. கஷ்டமா இருக்கேன்னு 7 வருஷமாக்கினால் 25,750-க்கு வரும், ஆனா மொத்த வட்டி 3.93 லட்சத்திலிருந்து 5.62 லட்சமாகும்.

7 வருஷக் கடனில் மூணு வருஷம் கட்டி முடிச்ச நிலையில் பாக்கி சுமார் 10.35 லட்சம். அதே நேரத்தில் காரின் ஐடிவி, அதாவது இன்சூரன்ஸ் கணக்குப்படியான மதிப்பு, மூணு வருஷம் தாண்டியதும் 40 சதவீதம் கழிந்து 10.2 லட்சம். அன்னைக்கு ட்ராக்கில் கார் முழுசா நொறுங்கினால் கார் இல்லை, கிளெய்ம் இல்லை, 10 லட்சத்துக்கு மேல் கடன் மட்டும் இருக்கும். அடுத்த நாலு வருஷம், இல்லாத காருக்கு ஈஎம்ஐ. மாசம் 85,000 கையில் வாங்கும் ஒருவருக்கு இது வீட்டுக் கடன் தகுதியையே சாப்பிட்டுவிடும்.

அதனால நான் கேட்கும் கேள்வி ஒண்ணுதான்: இந்த காரை இன்சூரன்ஸ் இல்லாமல் இழக்க உங்களால் முடியுமா? பேங்க் பணத்தில் நிற்கும் காராக இருந்தால் பதில் பெரும்பாலும் 'முடியாது'.

ட்ராக் ஆசையை விடச் சொல்லலை. ஹூண்டாய் ஐ20 என் லைனைப் பாருங்க. 1 லிட்டர் டர்போ, 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க், சாதா ஐ20-யை விட இறுக்கமான சஸ்பென்ஷன். (வெர்னாவைப் போலவே இதுவும் இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையில் பிறந்ததுதான். ட்ராக்கும் அதே ஊர்!) 4 மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருப்பதால் 2025 செப்டம்பர் 22 முதல் இதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், விர்டஸ், வெர்னாவுக்கு 40.

வேரியன்ட் தேர்வில் ஒரு விஷயம் கவனிங்க. 10 லட்சத்துக்குக் கீழ் ஆயுள் வரி 13 சதவீதம்தான், அதைத் தாண்டினால் மொத்த விலைக்கும் 18. 9.9 லட்சத்துக்கு வரி சுமார் 1.29 லட்சம், 10.1 லட்சத்துக்கு 1.82 லட்சம். விலையில் 20,000 வித்தியாசம், வரியில் 53,000 வித்தியாசம்! சன்ரூஃபுக்காக இந்தக் கோட்டைத் தாண்டுறவங்களை நிறைய பாத்திருக்கேன்.

9.5 லட்சம் வேரியன்ட் ஆன்-ரோடு 11.25 லட்சம் வந்தால், அதே 5 லட்சம் போக கடன் 6.25 லட்சம். 5 வருஷத்துக்கு ஈஎம்ஐ சுமார் 13,000. மாசம் 20,000 மிச்சம். அதில் 5,000-ஐ தனி ஆர்டியில் 'ட்ராக் கணக்கு'ன்னு போடுங்க. டயர், பேட், பிரேக் ஆயில், ட்ராக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான். மீதி 15,000 எஸ்ஐபி.

இன்னும் சிக்கனமான வழி, பந்தயப் பயிற்சிப் பள்ளியின் காரில் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது. சென்னையிலும் கோவை கரி ட்ராக்கிலும் இப்படிப் பயிற்சி நடக்குது. கார் சேதமானால் நீங்க அதிகபட்சம் எவ்வளவு கட்டணும்னு கையெழுத்துக்கு முன்னாடியே எழுத்தில் கேளுங்க.

இவ்வளவுக்குப் பிறகும் விர்டஸோ வெர்னாவோதான் என்றால், ட்ராக்குக்குப் போகாமல் ரோட்டில் சந்தோஷமா ஓட்டுங்க. 10 லட்சத்துக்கு மேல் உள்ள காருக்கு டீலர் 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார், 17 லட்சத்துக்கு 17,000. அது செலவு இல்லை, உங்க வருமான வரியில் கழிச்சுக்கலாம். உங்க பான் நம்பரில் சரியா பதிவாகியிருக்கான்னு 26ஏஎஸ்-ல் பாருங்க. ஆபீஸில் டிக்ளேர் பண்ணினால் அந்த அளவுக்கு சம்பளத்தில் டிடிஎஸ் குறையும். ரிட்டர்ன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.