கவசம் அணியும் இரயில்கள்: இந்திய நிறுவனங்களுக்குத் திறந்திருக்கும் மென்பொருள் பாதை

மாணவர்களே, கிளானா ஜெயா வழித்தட எல்ஆர்டியில் முன் பெட்டியில் நின்று பயணம் செய்திருக்கிறீர்களா? கண்ணாடி வழியே தண்டவாளம் நம்மை நோக்கி ஓடிவரும். ஓட்டுநர் இருக்கை மட்டும் இருக்காது. 1998-இல் சேவையைத் தொடங்கிய நாளிலிருந்தே அந்த வழித்தடத்தில் இரயில்களைக் கணினிதான் இயக்குகிறது. எப்போது புறப்படுவது, எவ்வளவு வேகத்தில் செல்வது, எங்கே நிற்பது என எல்லாவற்றையும் மென்பொருள் முடிவு செய்கிறது.

ஒரு நகரத்துக்குள், ஒரே வகை இரயில்கள் ஓடும் தனிப்பாதையில் இதைச் செய்வது ஒருவகை வேலை. 68,000 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள பாதையில், விரைவு இரயில், சாதாரணப் பயணிகள் இரயில், சரக்கு இரயில் என எல்லாம் ஒரே தண்டவாளத்தைப் பகிர்ந்துகொள்ளும் இந்தியாவில் மென்பொருளைக் காவலுக்கு வைப்பது வேறு வகை வேலை. அந்த வேலையை இந்திய நிறுவனங்கள் எப்படிச் செய்கின்றன, அவற்றுக்கு என்ன வாய்ப்பு இருக்கிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

இரயிலை நிறுத்துவது ஏன் கடினம்?

முதலில் கொஞ்சம் இயற்பியல். படிவம் 4-இல் நீங்கள் படிக்கும் நேர்கோட்டு இயக்கச் சமன்பாடு இங்கே உதவும். நிற்பதற்குத் தேவையான தூரம் என்பது வேகத்தின் வர்க்கத்தை, வேகத் தணிவின் இரு மடங்கால் வகுத்தால் கிடைப்பது.

ஓர் இரயில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 33.3 மீட்டர். நிறுத்தியை அழுத்தினால் அதன் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 0.5 மீட்டர் என்ற அளவில் குறைகிறது என்று கொள்வோம். கணக்குப் போட்டால், அது நிற்க ஏறக்குறைய 1,111 மீட்டர் வேண்டும். வேகம் பாதியாக, அதாவது 60 கிலோமீட்டராக இருந்தால் 278 மீட்டர் போதும். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது.

ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் இரயிலை ஓட்டுநர் கண்ணால் கண்டு நிறுத்துவது நடக்காத காரியம். அதனால்தான் சமிக்ஞை விளக்குகள் இருக்கின்றன. ஆனால், குளிர்காலத்தில் வட இந்தியாவில் மூடுபனி இறங்கினால் அந்த விளக்குகளே கண்ணுக்குத் தெரிவதில்லை. களைப்பில் ஓட்டுநர் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் தாண்டிவிடும் ஆபத்தும் உண்டு.

கவச் என்ன செய்கிறது?

இதற்கு இந்தியா கண்ட தீர்வின் பெயர் ‘கவச்’. நம் தமிழில் கவசம் என்கிறோமே, அதே சொல்தான். லக்னோவில் உள்ள இந்திய இரயில்வேயின் ஆய்வு, தர அமைப்பு இதற்கான விதிமுறைகளை வகுத்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த மேதா செர்வோ டிரைவ்ஸ், எச்பிஎல், கெர்னெக்ஸ் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் கருவிகளையும் மென்பொருளையும் உருவாக்கின. பயணிகள் இரயில்களில் சோதனை 2016-இல் தொடங்கியது. 2020-இல் இது நாட்டின் தானியங்கி இரயில் பாதுகாப்பு முறையாக ஏற்கப்பட்டது.

கவச் ஓயாமல் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

முதல் கேள்வி: நான் எங்கே இருக்கிறேன்? கைப்பேசியில் உள்ளதுபோல் ஜிபிஎஸ் மட்டும் போதாதா என்று நீங்கள் நினைக்கலாம். ஜிபிஎஸ் காட்டும் இடம் சில மீட்டர் பிசகலாம். பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளங்களுக்கு இடையேயும் சில மீட்டர் இடைவெளிதான். எந்தத் தண்டவாளத்தில் இருக்கிறோம் என்பதில் தவறு நேர்ந்தால் எல்லாமே தவறாகிவிடும். எனவே, தண்டவாளத்தின் நடுவே ஏறத்தாழ கிலோமீட்டருக்கு ஒன்று என ஆர்எஃப்ஐடி பட்டைகள் பதிக்கப்படுகின்றன. இரயில் மேலே கடக்கும்போது பட்டை தன் அடையாள எண்ணைச் சொல்கிறது. இரண்டு பட்டைகளுக்கு இடையே, சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை வைத்து மென்பொருள் தூரத்தைக் கணக்கிடுகிறது. சக்கரம் வழுக்கினால் அந்தக் கணக்கில் சிறு பிழை சேரும். அடுத்த பட்டை வந்ததும் பிழை திருத்தப்படுகிறது.

இரண்டாவது கேள்வி: எதுவரை செல்ல எனக்கு அனுமதி? இதற்கான பதில் நிலையத்தில் உள்ள கணினியிலிருந்து வானலை வழியாக வருகிறது. சமிக்ஞையின் நிறமும் ஓட்டுநரின் திரையிலேயே தெரிகிறது. மூடுபனியில் இது பெரிய உதவி.

மூன்றாவது கேள்வி: இந்த வேகத்தில் போனால் அந்த எல்லைக்குள் நிற்க முடியுமா? மேலே நாம் போட்ட கணக்கைத்தான் கவச் இடைவிடாமல் போடுகிறது. முடியாது என்று தெரிந்தால் முதலில் ஓட்டுநரை எச்சரிக்கும். அவர் வேகத்தைக் குறைக்காவிட்டால் தானே நிறுத்தியை இயக்கும்.

2022 மார்ச் 4-ஆம் நாள், தெலங்கானாவில் குல்லாகூடா, சிட்கிட்டா நிலையங்களுக்கு இடையே இது சோதித்துக் காட்டப்பட்டது. இரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஏறியிருந்த இரயில் எஞ்சின், அதே பாதையில் இருந்த இன்னோர் எஞ்சினை நோக்கிச் சென்றது. ஓட்டுநர் கை வைக்காமலே, ஏறத்தாழ 380 மீட்டர் இடைவெளியில் அது நின்றது.

11,400 ஆண்டுக் கணக்கு

உங்கள் கைப்பேசிச் செயலி உறைந்துபோனால் மூடிவிட்டு மறுபடி திறக்கிறீர்கள். ஆயிரம் பேர் ஏறியிருக்கும் இரயிலில் அது முடியுமா?

உலக அளவில் இத்தகைய மென்பொருளுக்கு 1 முதல் 4 வரை பாதுகாப்புத் தரநிலைகள் உள்ளன. கவச் பெற்றிருப்பது மிகக் கடுமையான நான்காம் நிலை. ஆபத்தான பழுது நேரும் வாய்ப்பு 100 மில்லியன் மணி நேரத்துக்கு ஒரு முறையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. இதை ஆண்டுகளாக மாற்றினால் ஏறக்குறைய 11,400 ஆண்டுகள்!

அவ்வளவு காலம் காத்திருந்து யாரும் சோதிக்க முடியாது. அதனால், இத்தகைய கருவிகளில் ஒரே கணக்கை ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகள் தனித்தனியே போடும்படி வடிவமைக்கிறார்கள். விடைகள் ஒத்துப்போகாவிட்டால், இரயிலை நிறுத்துவதே பாதுகாப்பு என்று கருவி முடிவெடுக்கும். உருவாக்கியவர்களோடு தொடர்பில்லாத வல்லுநர்கள் மென்பொருளைத் தனியே ஆராய்ந்து சான்று வழங்குவார்கள். எழுதுவதற்கு ஆகும் காலத்தைவிட, சரி என்று மெய்ப்பிக்க ஆகும் காலம் அதிகமாக இருக்கலாம்.

வாய்ப்பு எங்கே இருக்கிறது?

இந்திய அரசு வெளியிட்ட கணக்கின்படி, கவச் அமைக்கப் பாதையில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 50 லட்சம் ரூபாய், அதாவது 5 மில்லியன் ரூபாய், ஆகிறது. ஓர் எஞ்சினுக்கு ஏறத்தாழ 80 லட்சம் ரூபாய். 10,000 கிலோமீட்டருக்கு மட்டும் கணக்கிட்டால் பாதைச் செலவே 50 பில்லியன் ரூபாய். 2024 இறுதி வரை கவச் அமைக்கப்பட்ட பாதையோ சுமார் 1,500 கிலோமீட்டர்தான். மிச்சமிருக்கும் வேலை எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு நிறுவனத்தின் கருவி பொருத்திய எஞ்சின், இன்னொரு நிறுவனத்தின் கருவி உள்ள நிலையத்தோடு பேச வேண்டும். விதிமுறை பொதுவாக இருப்பதால் புதிய நிறுவனமும் அந்த விதிமுறைப்படி கருவி செய்து, சான்று பெற்றுப் போட்டியில் இறங்கலாம். 2024 ஜூலையில் கவச் 4.0 என்ற மேம்பட்ட விதிமுறைக்கும் ஒப்புதல் கிடைத்தது.

மெட்ரோ துறையிலும் கதவு திறந்திருக்கிறது. இரயில்களைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து மேற்பார்வையிடும் மென்பொருளை டில்லி மெட்ரோவும், அரசு நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்து உருவாக்கின. 2023 பிப்ரவரியில் அது டில்லி மெட்ரோவின் சிவப்பு வழித்தடத்தில் பயன்பாட்டுக்கு வந்தது.

இந்தியப் பொறியியலாளர்கள் பல ஆண்டுகளாக வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதித் தந்திருக்கிறார்கள். சொந்தப் பொருளை உருவாக்கி, அதன் பாதுகாப்புக்குத் தாமே பொறுப்பேற்பது அதைவிடப் பெரிய படி.

பாலசோர் சொல்லும் பாடம்

2023 ஜூன் 2-ஆம் நாள் மாலை, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு இரயில் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் விபத்துக்குள்ளானது. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தப் பாதையில் கவச் இல்லை. இருந்திருந்தால் தடுத்திருக்குமா?

அவசரப்பட்டு ‘ஆம்’ என்று சொல்லிவிட முடியாது. நேர்ப் பாதையில் செல்லலாம் என்று சமிக்ஞை பச்சை காட்டியது. ஆனால் தண்டவாளம் பக்கப் பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே ஒரு சரக்கு இரயில் நின்றிருந்தது. சமிக்ஞை மின்சுற்றில் செய்யப்பட்ட மாற்றங்களில் நேர்ந்த தவறே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. பாதை எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கவச் அதே சமிக்ஞை அமைப்பிடமிருந்துதான் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அமைப்பே தவறான தகவலைத் தந்தால், சரியாக எழுதப்பட்ட மென்பொருளும் தவறான முடிவுக்கு வரும்.

ஆகவே, நாளை நீங்கள் நிரலாளராக ஆனாலும், கம்பி இணைக்கும் தொழில்நுட்பராக ஆனாலும், இரயிலின் பாதுகாப்பில் இருவருக்கும் சம பங்கு உண்டு. இந்தத் துறைக்குக் கணினி நிரலாக்கத்தோடு இயற்பியலும் மின்னணுவியலும் தெரிந்தவர்கள் தேவை. ‘ஓடுகிறது’ என்பதோடு திருப்தி அடையாமல், ‘பழுதானால் என்ன ஆகும்?’ என்று கேட்கும் பழக்கமும் வேண்டும்.

சிந்தித்துப் பாருங்கள்

1. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரயில், மேலே சொன்ன அதே வேகத் தணிவில் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

2. வானலைத் தொடர்பு திடீரென அறுந்துபோனால் கவச் என்ன செய்ய வேண்டும்? உங்கள் விடைக்குக் காரணம் கூறுங்கள்.

3. 2021 மே 24-ஆம் நாள், கோலாலம்பூரில் கிளானா ஜெயா வழித்தடச் சுரங்கப் பாதையில் இரண்டு இரயில்கள் மோதி 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அவற்றுள் ஒன்று, அன்று ஓட்டுநரால் இயக்கப்பட்ட காலி இரயில். கணினிக் கட்டுப்பாட்டிலிருந்து மனிதக் கட்டுப்பாட்டுக்கு மாறும்போது என்னென்ன விதிகள் தேவை? நண்பர்களோடு கலந்துபேசி ஐந்து விதிகளை எழுதுங்கள்.