வாடகைக் கடையும் தறிக்கூடமும்: தேய்மானக் கணக்கு

சாணார்பட்டி வட்டாரத்து அங்கத்தினர் ஒருவருக்குச் சாலையோரம் ஒரு கட்டிடம் இருப்பதாகக் கொள்வோம். முன்பகுதியைக் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். பின்பகுதியில் தமது தறிகளைப் போட்டிருக்கிறார். வருமான வரிக் கணக்கைத் தாமே எழுத அமர்ந்தவருக்கு, கட்டிடம் முழுவதற்கும் தேய்மானம் கழிக்கலாமா என்ற ஐயம் எழுகிறது.

வாடகைப் பகுதிக்குத் தேய்மானம் கிடையாது. அமெரிக்காவில் குடியிருப்பு வாடகை வீட்டின் அடக்கத்தை 27½ ஆண்டுகளில் பகிர்ந்து கழிக்கிறார்கள். அதைக் கேள்வியுற்று இங்கும் அவ்வாறே எழுதினால் கணக்குப் பிழைபடும். நம் நாட்டு முறை வேறு. வாடகையிலிருந்து, உரிமையாளர் அவ்வாண்டில் உண்மையாகவே செலுத்திய வீட்டு வரியை நீக்கி, மிச்சத்தில் நூற்றுக்கு 30 தள்ளலாம். பழுது பார்த்தல், வெள்ளையடித்தல், தேய்மானம் யாவும் அதில் அடக்கம். காசு செலவிடாதவருக்கும் 30 தான்; கூரையையே மாற்றியவருக்கும் 30 தான். 1922ஆம் ஆண்டுச் சட்டம் பழுதுக்கென ஆறில் ஒரு பங்கைத் தள்ளிக் கொடுத்தது. அரசன் ஆறில் ஒன்று கொண்ட நாட்டில், அரசே ஆறில் ஒன்று விட்டுக்கொடுத்தது விந்தைதான்! 2001இல் வந்த 30 விழுக்காடு, 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலும் நிலைத்துள்ளது.

மாத வாடகை ரூ. 6,000 எனில் ஆண்டுக்கு 72,000. முன்பகுதிக்குரிய வீட்டு வரி 2,000 போக 70,000. அதில் 21,000 தள்ளினால் வருமானம் 49,000. அப்பகுதியைக் கட்டக் கடன் பெற்றிருந்தால் வட்டியையும் கழிக்கலாம்.

தறிக்கூடத்தின் கதை வேறு. அது தொழிலுக்குரிய கட்டிடம். ஆண்டுக்கு நூற்றுக்கு 10 தேய்மானம் உண்டு. விசைத்தறி போன்ற இயந்திரங்களுக்கு 15. மனைக்கு எதுவும் இல்லை. நிலம் தேய்வதில்லை அல்லவா? கூடம் கட்டிய செலவு 2,00,000 எனில் முதல் ஆண்டு 20,000. மறு ஆண்டு மிச்சமான 1,80,000க்கு 18,000. கட்டிய ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அவ்வாண்டு பாதியே.

இலாபம் குறைந்த ஆண்டில் தேய்மானத்தை எழுதாமல் வைத்திருந்து, பின்னர் கழித்துக்கொள்ளலாம் எனச் சிலர் எண்ணுவர். அது நஷ்டமே. எழுதாவிடினும் எழுதியதாகவே சட்டம் கொள்ளும், மதிப்புக் குறைந்துவிடும். விற்றுமுதலில் 8 அல்லது 6 விழுக்காட்டை உத்தேச இலாபமாகக் காட்டுவோர் தேய்மானத்தைத் தனியே கழிக்கலாகாது. அவர்களுக்கும் மதிப்பு ஆண்டுதோறும் குறைந்தே வரும்.

கடையைக் காலி செய்வித்து அங்கும் தறி போட்டால், அன்று முதல் முன்பகுதிக்கும் தேய்மானம் உண்டு. ஆனால் கட்டிய நாள் தொட்டுக் கழிந்திருக்கக்கூடிய தேய்மானத்தை நீக்கியே அதன் மதிப்புக் கொள்ளப்படும். ஆகவே மனைக் கிரயத்தையும் கட்டுமானச் செலவையும் தனித்தனியே குறித்து, கொத்தனார் கூலிச் சீட்டு வரையில் பத்திரப்படுத்தி வைப்பது அவசியம்.