உறையக் கூடாத பால், உறைய வேண்டிய பால்

பொழுது விடியுமுன் பெரட்டு முடிந்துவிடும். மரம் வெட்டுபவர்கள் இருட்டிலேயே பால்காட்டுக்குள் நுழைந்துவிடுவார்கள். காலைக் குளிரில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற வரத்துக் குறைந்துவிடும். மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோருக்குச் சுமந்து சென்று, கிராணி அதை நிறுத்து எழுதும்வரை அவர்களுக்கு ஒரே கவலைதான்: பால் உறைந்துவிடக் கூடாது. உறைந்துவிட்டால் அது கட்டிப்பால். கட்டிப்பாலுக்குக் காசு குறைவு. ஆனால் நிறுத்து முடிந்த அதே பாலைத் தொட்டியில் ஊற்றி, அமிலம் கலந்து, வேண்டுமென்றே உறைய வைத்து ரப்பர்த் தகடு செய்வதும் தோட்டத்து வழக்கம்தான்.

இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்ள வேதியியலின் சில அடிப்படைச் சொற்களே போதும்.

மரத்துப்பால் ஒரு தனிப்பொருள் அன்று. அது ஒரு கலவை. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மீதியில் பெரும்பகுதி நீர். புரதமும் சர்க்கரையும் சிறிதளவு உண்டு. உப்பு நீரில் கரைவதைப்போல ரப்பர் கரைவதில்லை. மணலைப்போல அடியில் படிவதுமில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக நீரில் பரவி நிற்கிறது. இத்தகைய கலவைக்குக் கூழ்மம் என்று பெயர்.

ஒவ்வொரு துகளுக்குள்ளும் ரப்பர் மூலக்கூறுகள் இருக்கின்றன. அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து உருவாவது மூலக்கூறு. நீரின் மூலக்கூறில் மூன்றே அணுக்கள். ரப்பரிலோ ஐந்து கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட சிறு அலகு, ஆயிரக்கணக்கான முறை தொடர்ந்து நீண்ட சங்கிலியாகிறது. இச்சங்கிலியே பாலிமர். கார்பனும் ஹைட்ரஜனும் இந்த விகிதத்தில் இருப்பதை மைக்கேல் ஃபாரடே 1826ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். ஆனால் அவ்வளவு நீளமான மூலக்கூறு இருக்க முடியும் என்று 1920இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் சொன்னபோது வேதியியலாளர் பலர் ஏற்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953இல்தான்.

துகள்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை? ஒவ்வொரு துகளையும் ஒரு புரதச் சவ்வு மூடியிருக்கிறது. அச்சவ்வின் மேற்புறம் எதிர்மின்னூட்டம் கொண்டது. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். அதனால் துகள்கள் நெருங்குவதில்லை. பால் பாலாகவே இருக்கிறது.

அமிலம் இந்த விலக்கத்தைக் குலைக்கிறது. மின்னூட்டம் பெற்ற அணுவை அல்லது அணுக்கூட்டத்தை அயனி என்பர். அமிலம் நீரில் கலந்ததும் நேர்மின்னூட்டம் உடைய ஹைட்ரஜன் அயனிகளைத் தருகிறது. அவை சவ்வின் எதிர்மின்னூட்டத்தை ஈடுசெய்துவிடுகின்றன. விலக்க எதுவும் இல்லாததால் துகள்கள் மோதுகின்றன, சவ்வு கிழிகிறது, உள்ளிருந்த நீண்ட சங்கிலிகள் வெளிவந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. பால் உறைகிறது. தோட்டங்களில் இதற்குப் பயன்படுவது நீர்த்த ஃபார்மிக் அமிலம். இலத்தீன் மொழியில் எறும்புக்கு ஃபார்மிகா என்று பெயர்; பால்காட்டில் செவ்வெறும்பிடம் கடிபட்டவர்களுக்கு இந்த அமிலத்தின் எரிச்சல் புதிதன்று.

அமிலம் ஊற்றாவிட்டாலும் பால் தானாகவே உறையும். காற்றிலிருந்தும் அழுக்கு மங்கிலிருந்தும் புகும் பாக்டீரியாக்கள் பாலிலுள்ள சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. மரம் வெட்டுபவர் மங்கைத் துடைத்துவிட்டுப் பால் பிடிப்பது இதனால்தான். சில சொட்டு அம்மோனியாக் கரைசல் விடுவதும் இதற்காகவே. அம்மோனியா ஒரு காரம். அது நீரில் கரையும்போது ஹைட்ராக்சைடு அயனிகள் உண்டாகின்றன. இவை ஹைட்ரஜன் அயனிகளோடு சேர்ந்து நீராகிவிடுகின்றன. இதற்கு நடுநிலையாக்கல் என்று பெயர். துகள்களின் மின்னூட்டம் காப்பாற்றப்படுகிறது. அன்றைய கூலியும் காப்பாற்றப்படுகிறது.

கூலியைப் பற்றிச் சொல்லும்போது செறிவையும் சொல்ல வேண்டும். 20 கிலோகிராம் பாலில் 35 விழுக்காடு ரப்பர் இருந்தால், உலர் ரப்பர் 7 கிலோகிராம். அதில் 5 கிலோகிராம் மழைநீர் கலந்துவிட்டால் தராசு 25 கிலோகிராம் காட்டும்; ஆனால் செறிவு 28 விழுக்காடாகக் குறைந்துவிடும். உலர் ரப்பர் அதே 7 கிலோகிராம்தான். எடையை மட்டும் பார்க்காமல், பாலில் சிறிது மாதிரி எடுத்து அதன் செறிவையும் சோதிப்பதற்குக் காரணம் இதுவே.

ஒருமுறை உறைந்த பாலை மீண்டும் பாலாக்க முடியாது. பின்னர் எவ்வளவு அம்மோனியா ஊற்றினாலும் சிக்கிய சங்கிலிகள் பிரிந்து பழைய துகள்களாவதில்லை. ஆகவே பாலில் அச்சை முக்கி எடுத்துச் செய்யப்படும் மருத்துவக் கையுறைக்குக் கட்டிப்பால் உதவாது. அது அரைக்கப்பட்டு, கழுவப்பட்டு, உலர்த்தப்பட்டு, கட்டி ரப்பராக டயர் தொழிற்சாலைக்குப் போகிறது.